அங்காயப் பொடியில் கலந்த வேர்

என் அக்கா தன் கணவருக்கு, அவர் அறியாமல், ஐந்து மாதம் ஒரு வேரின் பொடியைச் சோற்றோடு கொடுத்துவந்தாள். அவர் செத்துவிடக் கூடாது என்பதற்காகக் கொடுத்தாள். எனக்கு இது தெரிந்தது ஐந்தாவது மாதத்தின் முடிவில்தான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்; ஒளித்து வைத்துச் சொல்ல இதில் ஒன்றுமில்லை.

யுத்தம் முடிந்து மூன்று வருஷம் ஆகியும் அரிசிக்கு ரேஷன் இருந்த காலம். நான் மவுண்ட் ரோடில் ஒரு தினசரியில் உதவி ஆசிரியராக இருந்தேன். தியாகராய நகரில் அக்கா வீட்டு மாடி அறையில் குடியிருந்தேன். அக்காவின் கணவர், என் அத்திம்பேர், சைதாப்பேட்டைக் கோர்ட்டில் கிரிமினல் வக்கீல். காலையில் மாம்பலத்தில் மின்சார ரெயில் ஏறி அடுத்த ஸ்டேஷனில் இறங்குவார். அவர்கள் பெண்ணைக் கட்டிக் கொடுத்தாகிவிட்டது. வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான்.

அத்திம்பேரின் குரல் கோர்ட்டுக்கு வெளியே டீக்கடை வரை கேட்கும் என்பார்கள். நான் அளந்து பார்த்திருக்கிறேன், கேட்கும். வீட்டிலும் அதே குரல்தான். காப்பி ஆறியிருந்தால் கத்துவார். சூடு அதிகம் என்றால் அதற்கும் கத்துவார். எங்கள் பத்திரிகையில் வரும் கோர்ட் செய்திகளைப் படித்துவிட்டு மாடிப்படியின் அடியில் நின்று என்னைக் கூப்பிடுவார்.

“ஏண்டா பத்திரிகைக்காரா, இந்த நிருபர் கோர்ட்டுக்குப் போனானா, கோர்ட்டு வாசல்ல நுங்கு சாப்பிட்டுட்டு வந்தானா?”

பெரும்பாலும் அவர் சொன்னதுதான் சரியாக இருக்கும்.

மார்கழியில் ஒரு நாள் கோர்ட்டில் அவருக்குத் தலை சுற்றிற்று. மயிலாப்பூரில் எங்களுக்குத் தெரிந்த டாக்டர் ஒருவர் ரத்த அழுத்தத்தை அளந்தார். இருநூற்றுப் பதினைந்து. அத்திம்பேரின் அண்ணாவும் வக்கீல். ஐம்பது வயதில் கோர்ட்டிலேயே விழுந்து, ஒரு பக்கம் இழுத்துப் போய், ஆறு மாதம் பேச்சில்லாமல் கட்டிலில் கிடந்து செத்தார். அந்த ஆறு மாதமும் அவருக்குக் கஞ்சி புகட்டியவள் என் அக்கா. அத்திம்பேருக்கு இந்த மார்கழியில் நாற்பத்தொன்பது.

டாக்டர் உப்பைக் குறைக்கச் சொல்லி, மனம் அடங்கி இருக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார். அத்திம்பேர் சீட்டை அங்கேயே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

“தூங்குமூஞ்சி மாத்திரையைப் போட்டுண்டு குறுக்கு விசாரணை பண்ணச் சொல்றீரா? சாட்சி என்னைத் தட்டி எழுப்புவான்.”

உப்பை மட்டும் குறைக்கச் சம்மதித்தார். அதனால் அவருக்கு மட்டும் அங்காயப் பொடி உப்பில்லாமல் தனி ஜாடியில் வந்தது. சுண்டைக்காய் வற்றல், மணத்தக்காளி வற்றல், வேப்பம்பூ, மிளகு, சீரகம், சுக்கு எல்லாம் வறுத்து இடிக்கும் பொடி அது. முதல் கவளம் சோற்றில் நெய் விட்டு அதைப் பிசைந்து சாப்பிடுவது அவர் வழக்கம். கசப்பு அவருக்குப் பிடிக்கும். மற்றவர் ஒரு சிட்டிகை போட்டுக்கொண்டால் அவர் ஒரு கரண்டி போட்டுக்கொள்வார்.

தை மாதத்தில் அக்கா மயிலாப்பூர் கச்சேரி ரோடில் ஒரு நாட்டு மருந்துக் கடைக்குப் போனாள். கடைக்காரர் முஸ்லிம். மூன்று தலைமுறையாக அதே தெருவில் இருப்பவர்கள். சித்தம் கலங்கியவர்களுக்கும் தூக்கம் வராதவர்களுக்கும் கொடுக்கும் ஒரு வேர் அவரிடம் இருந்தது. நாம் சர்ப்பகந்தி என்கிறோம், அவர் அஸ்ரோல் என்றார். விரல் கனத்தில், வளைந்து நெளிந்து, பழுப்பு நிறத்தில் இருக்கும். நாக்கில் வைத்தால் வேப்பம்பட்டை போலக் கசக்கும். ரத்தக் கொதிப்புக்கும் அது கேட்கும் என்று அக்காவிடம் யாரோ சொல்லியிருந்தார்கள். அது உண்மை. அக்கா அதை வாங்கி வந்து, அத்திம்பேர் கோர்ட்டுக்குப் போன பிறகு உரலில் இடித்து, அவர் ஜாடியில் ஒரு கைப்பிடி கலந்தாள். கசப்போடு கசப்பாகப் போய்விட்டது.

மாசி பிறந்தபோது டாக்டர் வீட்டுக்கு வந்து அளந்தார். நூற்று அறுபது. டாக்டர் கருவியைத் தட்டிப் பார்த்துவிட்டு இன்னொரு கையில் அளந்தார். அதேதான்.

“உப்பைக் குறைச்சதுக்கே இவ்வளவா?” என்றார்.

அக்கா குனிந்து வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தாள்.

வீட்டில் சத்தம் குறைந்தது. காப்பி ஆறியிருந்தாலும் குடித்தார். என்னைக் கூப்பிட்டு நிருபரைத் திட்டுவது வாரத்துக்கு ஒரு முறை ஆயிற்று, பிறகு நின்றது. பங்குனியில் பத்திரிகை மடிப்புக் கலையாமல் மேஜையில் கிடந்தது. வந்துபோன மயிலாப்பூர் உறவினர்கள் இதைக் கவனித்தார்கள். மயிலாப்பூரில் இதற்கு ஒரு விளக்கம் எப்போதும் தயாராக இருக்கும். மனுஷருக்குப் பக்குவம் வந்துவிட்டது என்றார்கள். ஐம்பது வயதுக்கு முன்னாலேயே வந்துவிட்டதே என்று அக்காவின் பாக்கியத்தைப் புகழ்ந்தார்கள். சம்பந்தி மாமா ஒருவர் வேதாந்தப் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். அத்திம்பேர் வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, அவர் போகும்வரை அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பேச்சே அடங்கிடுத்து பாருங்கோ. இதுக்காக அவனவன் இமயமலைக்குப் போறான்,” என்றார் மாமா வாசலில்.

நானும் அதை நம்பினேன் என்று எழுத வேண்டும். குரல் தாழ்ந்தால் மனம் உயர்ந்தது என்று எண்ணும் பழக்கம் எங்களுக்கெல்லாம் இருந்தது.

வைகாசியில் அத்திம்பேரின் குமாஸ்தா என் ஆபீசுக்கு வந்தார். சைதாப்பேட்டையிலேயே பிறந்து வளர்ந்தவர். அவருடன் இருபது வருஷமாக இருப்பவர். மாடி ஏறி வந்ததும் நாற்காலியில் உட்காராமல் நின்றார்.

“சார், ஐயாவுக்கு வூட்ல இன்னா பிரச்சனை?”

“ஒன்றுமில்லையே.”

“இன்னா சார் ஒண்ணுமில்லேங்கற? சாட்சி கூண்டுல ஏறி பொய்யா அள்ளி வுட்டுக்கினு கீறான். ஐயா ஜன்னலைப் பாத்துக்கினு நிக்கிறாரு. ஜட்ஜே கேக்கறாரு, கேள்வி உண்டானு. இல்லேன்னு சொல்லிட்டு குந்திக்கினாரு. இருபது வருசத்துல அவரு இல்லேன்னு சொல்லி நான் பாத்ததில்ல.”

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“இன்னொண்ணு சார். வண்டியிலேர்ந்து எறங்கினா கோர்ட்டுக்கு வர்றதில்ல. நேரா ஆத்துப் பாலத்துக்குப் போயி நிக்கிறாரு. முந்தாநாளு கோட்டைக் கயட்டி என் கைல குடுத்து, ‘நீ போ, நான் வர்றேன்’னாரு. நான் போவல சார். ஒரு மணி நேரம் அங்கியே நின்னேன். அக்காங்க கைல சொல்லாத, பயந்துடுவாங்க.”

மறுநாள் நான் சைதாப்பேட்டைக்குப் போனேன். நொச்சிக்குப்பத்தில் வலை தகராறில் ஒருவன் மண்டை உடைந்த கேஸ். குற்றவாளிக் கூண்டில் நின்றவன் அத்திம்பேரின் கட்சிக்காரன். கேஸ் அரை மணியில் முடிந்து அவனுக்கு ஒரு மாதத் தண்டனை கிடைத்தது. அத்திம்பேர் மூன்று வாக்கியம் பேசினார். தாழ்வாரத்தில் அவனுடைய அம்மா, மீன் விற்கிறவள், கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தாள். குமாஸ்தாவைப் பார்த்துக் கத்தினாள்.

“கத்தற வக்கீலுன்னு தானேய்யா இட்டாந்த? இவரு இன்னா, சாவு வூட்டுக்கு வந்தவரு மாரி நிக்கிறாரு! இதுக்கு எம் புள்ளையே பேசிக்கினு இருப்பானே!”

அத்திம்பேர் அவளைக் கடந்து போனார். நின்று ஒரு பேச்சுப் பேசியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். தலையைக் குனிந்துகொண்டு, “அவ சொல்றது சரி,” என்று என்னிடம் சொன்னார்.

அன்றிலிருந்து தினமும் காலையில் அவரோடு ரெயிலில் சைதாப்பேட்டை வரை போய், கோர்ட்டுப் படியில் விட்டுவிட்டு, பஸ் பிடித்து ஆபீஸ் போனேன். அந்தப் பக்கம் வேலை இருக்கிறது என்று சொல்லிவைத்தேன். அக்காவிடம் எதையும் சொல்லவில்லை. இப்போது யோசித்தால் அது தவறு. நான் பாலத்தை மறைத்தேன், அவள் வேரை மறைத்தாள். ஒரே சமையலறையில் எதிரெதிரே உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தோம்.

ஆனி தொடக்கத்தில் நாத்தனார் பிரசவத்துக்காக அக்கா நான்கு நாள் மயிலாப்பூரில் தங்கினாள். ஒரு மாமி வந்து சமைத்து வைத்துவிட்டுப் போவாள். நாங்கள் இருவரும் எடுத்துப் போட்டுக்கொண்டு சாப்பிட்டோம். என் பொடி தீர்ந்திருந்தது. அத்திம்பேரின் ஜாடியிலிருந்து நானும் போட்டுக்கொண்டேன். நன்றாகக் கசந்தது. உப்பில்லாததால் என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் எனக்கு மூக்கு அடைத்துக்கொண்டது. ஜலதோஷமில்லை, தும்மலில்லை, மூச்சு மட்டும் வாய் வழியே போயிற்று. ஆபீசில் மேஜை மேல் தூங்கினேன். கண்ணாடியில் கண் சிவந்திருந்தது. அன்று சாயங்காலம் அத்திம்பேர் எதிரே சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது, அவரும் வாயால் மூச்சு விடுவதைப் பார்த்தேன். அவர் கண்ணும் சிவந்திருந்தது. மாசக்கணக்காகவே அப்படித்தான் இருக்கிறார் என்பது அப்போது உறைத்தது. அதற்கு மேல் எனக்கு எதுவும் தோன்றவில்லை.

அக்கா திரும்பி வந்ததும் சமையலறைக்குள் போனாள். உடனே வெளியே வந்தாள்.

“அவர் ஜாடி பாதி ஆயிருக்கே. யாரு எடுத்தா?”

“நானும்தான் சாப்பிட்டேன்.”

“எத்தனை வேளை?” அவள் முகம் வெளுத்துவிட்டது. “எத்தனை வேளைடா?”

பொடி குறைந்ததற்கு இத்தனை பயமா என்று கேட்டேன். கதவைச் சாத்திவிட்டுச் சொன்னாள். நான் கேட்டு முடித்து, பாலத்தைச் சொன்னேன். கோட்டைக் கழற்றிக் கொடுத்ததையும் சொன்னேன். அவள் அம்மிக்கல்லைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

“சாந்தமா ஆயிட்டார்னு சந்தோஷப்பட்டேனேடா. கோவிலுக்குப் போய் அர்ச்சனை பண்ணிட்டு வந்தேன்.”

“நிறுத்திடு.”

“நிறுத்தினா ரத்தம் ஏறிடும். அவர் அண்ணா கிடந்த கிடப்பை நீ பாக்கலை. நான் பாத்திருக்கேன்.”

அன்று மாலையே கச்சேரி ரோடுக்குப் போனேன். கடைக்காரர் கல்வத்தில் எதையோ அரைத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் குழவியைக் கீழே வைத்தார்.

“அரே, பொடில கலந்தாங்களா! குந்துமணி எடை, ராத்திரி பால்ல, மூணு வாரம் குடுத்து நிறுத்துன்னு அம்மா கைல சொன்னேனே. சத்தம் போடறவனுக்குச் சத்தம் அடங்கும். கூடவே ஆளும் அடங்கறாப்ல தெரிஞ்சா அன்னிக்கே நிறுத்திடணும் சார். சோத்துல போட்டு பிசைஞ்சா இன்னா கணக்கு?”

“அவர் ஒரு கரண்டி போட்டுக்கொள்வார்.”

“கரண்டியா! யா அல்லா,” என்றார்.

அடுத்த நாள் அக்காவும் நானும் டாக்டரிடம் போனோம். திட்டுவார் என்று நினைத்தோம். திட்டவில்லை.

“வேரை நான் குத்தம் சொல்ல மாட்டேன், மாமி. வடக்கே டாக்டர்களே பிரஷருக்கு இதைக் கொடுக்கறா, மாத்திரையா அளந்து. நீங்க அளக்கலை. அதுவும் அஞ்சு மாசம்.”

“நிறுத்தினா ஏறுமா?”

“ஏறும்.”

“எவ்வளவு?”

“தெரியாது.”

“ஒண்ணு ரத்தம் அவரை அடிச்சுடும், இல்லேன்னா ஆத்துல போய் விழுந்துடுவார். எதைப் பண்ணுன்னு சொல்றேள்?”

டாக்டர் ஸ்டெதஸ்கோப்பைச் சுருட்டி மேஜையில் வைத்தார்.

“இன்னிலேர்ந்து நிறுத்துங்கோ. அப்புறம் அவர்கிட்ட சொல்லுங்கோ. அவருக்குத் தெரியணும். தன் மனசே இப்படி ஆயிடுத்துன்னு அவர் நெனச்சுண்டிருக்கார்.”

அக்கா அன்று சாயங்காலமே சொன்னாள். விளக்கேற்றி முடித்து, கூடத்துக் கதவருகே நின்றபடி, எதையும் விடாமல் சொன்னாள். நான் படியில் உட்கார்ந்திருந்தேன். அவர் எழுந்து அடிக்க வந்தாலும் தடுக்கக் கூடாது என்று என்னிடம் முன்பே சொல்லியிருந்தாள். அவர் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார்.

“எத்தனை நாளா?”

“தை பொறந்ததிலேர்ந்து.”

சாய்வு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு, “அப்போ இது என்னோடது இல்லையா?” என்றார்.

“எது?”

“காலம்பற எழுந்தா, நான் ஒண்ணுக்கும் உதவாதவன்னு தோணறதே. அது.”

அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அவர் என் பக்கம் திரும்பி, “நீ ஏன் ரெயில்ல கூட வரேன்னு எனக்குத் தெரியும்டா,” என்றார். அவ்வளவுதான். கோபம் இல்லை. பழையபடி கண்ணை மூடிக்கொண்டார்.

ஜாடியைக் கவிழ்த்துக் கழுவியாகிவிட்டது. ஆனால் மறுநாளே எதுவும் மாறவில்லை. முதல் இரண்டு வாரம் நான் ரெயிலில் போவதை நிறுத்தவில்லை. மூன்றாவது வாரம் மூக்கடைப்பு விட்டது. அழுத்தம் நூற்று எழுபது, பிறகு நூற்று எண்பத்தைந்து. அக்கா உப்பில்லாமல் வேகவைத்த காய்களைப் போட்டாள். அவர் ஒரு சொல் சொல்லாமல் சாப்பிட்டார். அப்படிச் சாப்பிடுவதைப் பார்த்து அவள் உள்ளே போய் அழுதாள். நாங்கள் ஒரே சமயத்தில் இரண்டைக் கவனித்தோம். அழுத்தம் இறங்க வேண்டும், அவர் குரல் ஏற வேண்டும். இரண்டும் எங்கள் கையில் இல்லை. டாக்டர் மாத்திரையைப் பற்றிக் கேட்டால், “பாக்கலாம்,” என்பார் அத்திம்பேர்.

ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். இலையில் புடலங்காய் விழுந்தது. அவர் ஒரு வாய் வைத்தார். நிமிர்ந்தார்.

“இதுல உப்பு இல்லை.”

“டாக்டர் சொன்னாரேன்னு...” என்றாள் அக்கா.

“டாக்டர் சொன்னார்! டாக்டர் சொன்னதை என்கிட்ட சொல்லிட்டுப் போடற. அந்த வேரை என்கிட்ட சொல்லிட்டா போட்டே? ஏண்டி, எலிக்கு வெக்கற மாதிரி கட்டினவனுக்குச் சோத்துல மருந்து வெச்சியே! அஞ்சு மாசம்! என்னைக் கேட்டியா? ஒரு வார்த்தை கேட்டியா?”

சொன்ன அன்று வராத கோபம் இரண்டு மாதம் கழித்து வந்தது. பாத்திரங்கள் அதிர்ந்தன என்று எழுதினால் மிகை. ஆனால் தெருவில் போன ஐஸ்காரன் நின்றுவிட்டான். நொச்சிக்குப்பத்துக்காரன் ஜெயிலுக்குப் போனதற்கு யார் பொறுப்பு என்று கேட்டார். என்னையும் விடவில்லை. “நீ எதுக்குடா பத்திரிகையில இருக்கே? நம்மாத்துக்குள்ள நடக்கறது தெரியலை, உனக்கு லண்டன் செய்தி வேற!” அக்கா கரண்டியைப் பிடித்தபடி நின்று முழுவதையும் வாங்கிக்கொண்டாள். அவர் சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்து போனார்.

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அடுத்த வீட்டு மாமி மெதுவாகக் கேட்டாள்.

“என்னடீம்மா, பழையபடி ஆரம்பிச்சுட்டாரா? பாவம் நீ.”

“ஆமாம் மாமி,” என்றாள் அக்கா. அவர் விட்டுப்போன இலையை மடக்கி எடுத்தாள். அந்தக் குரலில் பயம் எது, நிம்மதி எது என்று அவளாலேயே சொல்லியிருக்க முடியாது. அவர் மன்னிப்பு அவளுக்குச் சீக்கிரம் கிடைக்கவில்லை. அவள் பரிமாறுவதை அவர் பல மாதம் முதலில் முகர்ந்துவிட்டுத்தான் சாப்பிட்டார்.

மறுநாள் காலை அவரே என்னை அழைத்துக்கொண்டு மயிலாப்பூர் போனார். அழுத்தம் நூற்றுத் தொண்ணூற்றைந்து. முன்பு மறுத்த மாத்திரையில் பாதியை மாலையில் மட்டும் சாப்பிடச் சம்மதித்தார். நானே எடுத்துப் போட்டுக்கொள்வேன், வேறு யாரும் தொடக் கூடாது என்றார். டாக்டர் சரி என்று சீட்டு எழுதினார். அத்திம்பேர் சீட்டை வாங்கிக்கொண்டு நாற்காலியை முன்னால் இழுத்தார்.

“அந்த வேர்ல என்ன இருக்கு?”

“பல சரக்கு இருக்கு. உப்பு மாதிரி படிகமா சிலதைப் பிரிச்சு எடுத்திருக்கா.”

“எது பிரஷரைக் குறைச்சது?”

“இன்னும் தெரியலை.”

“எது என்னைப் பாலத்துக்கு அழைச்சுண்டு போச்சு?”

“அதுவும் தெரியலை.”

“ரெண்டும் ஒண்ணாவே இருக்கலாமா?”

டாக்டர் பேனாவை மூடினார். “இருக்கலாம்,” என்றார்.

நான்கைந்து வருஷம் கழித்து ரெசர்ப்பின் என்ற பொருளைப் பற்றிய தந்திச் செய்தி என் மேஜைக்கு வந்தது. ரத்தக் கொதிப்புக்குப் புது மருந்து என்றது. அந்த வேரிலிருந்து எடுத்தது. அது சிலரை ஆழ்ந்த துக்கத்தில் தள்ளுகிறது என்ற செய்தி அதற்கும் பின்னால் வந்தது. அன்று டாக்டருக்கு அது தெரியாது.

வெளியே பெஞ்சில் பதினைந்து பேர் காத்திருந்தார்கள். கம்பவுண்டர் இரண்டு முறை எட்டிப் பார்த்தார். யாரோ, “உள்ள இன்னா, கோர்ட்டா நடக்குது?” என்றார்கள். அத்திம்பேருக்கு அது கேட்டது. திரும்பிப் பார்க்காமல், “எத்தனை பேருக்கு இப்படி ஆயிருக்கு? யார் எழுதி வெச்சிருக்கா?” என்று அடுத்த கேள்வியைக் கேட்டார்.